நிலத்தடி மின்வடக் குழாய் பதித்தல்

நிலத்தடி மின்வடக் குழாய் பதித்தல் என்பது, மின்சாரத்தைக் கொண்டு செல்லும் வடங்களைக் காப்புக் குழாய்களுக்குள் இட்டு, அவற்றைச் சாலை, நடைபாதை, கோயில் வீதி போன்ற தளமிடப்பட்ட பரப்புகளுக்குக் கீழே புதைக்கும் பணி ஆகும். மின்வடம் பேச்சு வழக்கில் கேபிள் எனப்படுகிறது. புதைக்கும் ஆழம், குழாய்களுக்கு இடையே விடப்படும் இடைவெளி, தோண்டிய பள்ளத்தை மீண்டும் நிரப்பும் முறை ஆகிய மூன்றும் இப்பணியின் முதன்மையான கூறுகள் ஆகும். இவற்றுள் ஒன்று தவறினாலும் மேலே உள்ள தளம் அமிழ்ந்து போகும், அல்லது கீழே உள்ள வடம் சூடேறிப் பழுதடையும். பிற்காலத்தில் அதே இடத்தைத் தோண்டுபவரின் உயிருக்கு ஆபத்து நேர்வதும் உண்டு.

== தேவை ==

மின்சாரத்தைக் கம்பங்களின் மேல் கம்பி வழியாகக் கொண்டு செல்வது செலவு குறைந்த முறையாகும். எனினும் புயல், மரம் விழுதல், குறுகிய தெருக்கள், உயரமான ஊர்திகள் முதலிய காரணங்களால் பல இடங்களில் நிலத்தடி வடங்கள் விரும்பப்படுகின்றன.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை தேரோட்டம் இதற்கு ஒரு தனிக் காரணம் ஆகும். இந்திய மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, தெருவின் குறுக்கே செல்லும் தாழ்வழுத்தக் கம்பி நிலத்திலிருந்து குறைந்தது 5.8 மீட்டரும், 33 கிலோவோல்ட் வரையான உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டரும் உயரத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தது. அலங்கரிக்கப்பட்ட பெருந்தேர்கள் இதனினும் பல மடங்கு உயரமானவை. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்துடன் 96 அடி, அதாவது ஏறத்தாழ 29 மீட்டர் உயரம் உடையது. எனவே தேரோட்ட நாட்களில் மின்சாரத்தை நிறுத்தி, வீதியின் குறுக்கே உள்ள கம்பிகளைக் கழற்றி, தேர் கடந்த பின் மீண்டும் கட்டுவது வழக்கமாக உள்ளது. ஏதேனும் ஒரு கம்பி விடுபட்டால் விளைவு கொடியதாகும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் விழாத் தேரின் மேற்பகுதி உயரழுத்த மின்கம்பியில் பட்டதில் சிறார் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். தேர்வீதிகளில் மின்கம்பிகளை நிலத்தடிக்கு மாற்ற வேண்டும் என்னும் கோரிக்கை இதன் பின்னர் மேலும் வலுப்பெற்றது.

== வரலாறு ==

தாமசு ஆல்வா எடிசன் 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் தொடங்கிய மின்நிலையம், தொடக்கத்திலிருந்தே நிலத்தடி வழியாக மின்சாரம் வழங்கியது. செப்புக் கம்பிகளை இரும்புக் குழாய்களுக்குள் வைத்து, இடையே நிலக்கீல் கலவையை ஊற்றிக் காப்பிடும் முறை அங்கே பின்பற்றப்பட்டது. 1888 மார்ச்சில் வீசிய கடும் பனிப்புயலில் அந்நகரின் கம்பங்களும் கம்பிகளும் சரிந்தன. அதன் பின்னர் நகரின் ஏனைய கம்பிகளையும் நிலத்தடிக்குக் கொண்டு செல்லும் பணி விரைவு பெற்றது.

தமிழ்நாட்டில் இத்துறையின் முதல் முயற்சிகளுள் ஒன்று சென்னை டிராம் ஆகும். 1895 மே 7 அன்று தொடங்கிய இச்சேவையில், சாலைக்குக் கீழே அமைந்த ஒரு கால்வாயில் மின்கடத்தி வைக்கப்பட்டு, தளத்தில் விடப்பட்ட நீண்ட பிளவு வழியாக வண்டிகள் மின்சாரத்தைப் பெற்றன. பருவமழைக் காலத்தில் இக்கால்வாய் முறை தாக்குப்பிடிக்கவில்லை. ஆகையால் பின்னர் அது கைவிடப்பட்டு, தலைக்கு மேலே செல்லும் கம்பி முறை ஏற்கப்பட்டது. சென்னை டிராம் சேவை 1953 ஏப்ரலில் நின்றது. மழைநீர் இறங்கும் மண்ணில் திறந்த அமைப்பு நிலைக்காது என்பதையும், நிலத்தடி அமைப்பு மூடியதாகவும் வடிகால் உடையதாகவும் இருக்க வேண்டும் என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.

அண்மைக் காலத்தில் 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலும், 2018 நவம்பர் 16 அன்று காவிரிப் படுகையைத் தாக்கிய கசா புயலும் பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தன. கடலோர நகரங்களான கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகியவற்றில் உலக வங்கியின் உதவியுடன் கூடிய பேரிடர் இடர் குறைப்புத் திட்டத்தின் கீழ் நிலத்தடி மின்வடப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன.

== குழாய் வகைகள் ==

மின்வடத்தை நேரடியாக மண்ணிலும் புதைக்கலாம். ஆனால் தளத்துக்குக் கீழே குழாய் இடுவதே சிறந்தது. பழுது ஏற்படின் தளத்தை உடைக்காமல் பழைய வடத்தை உருவி எடுத்துப் புதியதைச் செலுத்த முடிவது இதற்குக் காரணம். பொதுவாகப் பயன்படும் குழாய்கள் வருமாறு:

* இரட்டைச் சுவர் நெளி நெகிழிக் குழாய்: உயரடர்த்தி பாலித்தீனால் ஆனது. வெளிச்சுவர் நெளிவாகவும் உட்சுவர் வழுவழுப்பாகவும் இருக்கும். இதற்கான இந்தியத் தரம் ஐஎஸ் 14930 ஆகும்.
* பிவிசி குழாய்: இலேசானது, துருப்பிடிக்காதது. எடை மிகுந்த ஊர்திகள் செல்லும் இடங்களில் இதனைச் சுற்றிக் கற்காரை இடப்படுவதுண்டு.
* இரும்புக் குழாய்: துத்தநாகப் பூச்சு உடையது. சாலைக் குறுக்கீடுகளில் பயன்படுகிறது.
* கற்காரைக் குழாய்: ஹியூம் பைப் என வழங்குவது. பெரிய சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் குறுக்கே இடப்படுகிறது.

மாறுமின்னோட்டத்தைக் கொண்டு செல்லும் ஒற்றை உள்ளக வடங்களைத் தனித்தனி இரும்புக் குழாய்களில் இடுதல் கூடாது. அவ்வாறு இட்டால் காந்தப்புலம் குழாயிலேயே சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அதனைச் சூடாக்கும். மூன்று கட்டங்களின் வடங்களையும் ஒரே குழாயில் இட்டால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

குழாயை முழுவதும் அடைத்து வடம் இடுவதும் தவறாகும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வடங்கள் செல்லும்போது குழாயின் உள்பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பக்கூடாது என்பது அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பின் அளவாகும்.

== புதைக்கும் ஆழம் ==

33 கிலோவோல்ட் வரையான மின்வடங்களைப் பதிப்பதற்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1255 (1983) ஆகும். இதன்படி நிலமட்டத்திலிருந்து வடத்தின் மேற்புறம் வரை இருக்க வேண்டிய குறைந்த ஆழம் பின்வருமாறு:

* தாழ்வழுத்த வடங்களும் கட்டுப்பாட்டு வடங்களும்: 0.75 மீட்டர்
* 3.3 முதல் 11 கிலோவோல்ட் வரை: 0.90 மீட்டர்
* 22 மற்றும் 33 கிலோவோல்ட்: 1.05 மீட்டர்
* சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்கள்: 1.00 மீட்டர்

பிற நாடுகளின் அளவுகள் வேறுபடுகின்றன. அமெரிக்காவில் சாலைகளுக்கும் ஊர்தி நிறுத்துமிடங்களுக்கும் கீழே பொதுவாக 600 மில்லிமீட்டர் மூடாக்கு கோரப்படுகிறது. பிரித்தானியாவில் நடைபாதைக்குக் கீழே 450 மில்லிமீட்டரும் வண்டிப்பாதைக்குக் கீழே 600 மில்லிமீட்டரும் நடைமுறையில் உள்ளன.

ஆழத்தை அளக்கும்போது இறுதித் தளமட்டத்திலிருந்தே அளக்க வேண்டும். தற்காலிக மண்மட்டத்திலிருந்து அளந்து பதித்த பின்னர், தளமிடுவதற்காக 20 சென்டிமீட்டர் மண் வெட்டி எடுக்கப்பட்டால், 75 சென்டிமீட்டர் ஆழத்து வடத்தின் மேல் 55 சென்டிமீட்டர் மண்ணே எஞ்சும்.

== சுமையும் ஆழமும் ==

மேலே வரும் சுமை, கீழே செல்லச் செல்ல அகன்று பரவுகிறது. ஆழம் 2 அலகு கூடும்போது சுமை பக்கத்துக்கு 1 அலகாக இருபுறமும் விரிகிறது எனக் கொள்ளும் எளிய முறை பொறியியலில் வழக்கிலுண்டு. பக்கத்துக்கு அரை மடங்காக விரிந்தால், மொத்த அகலம் ஆழத்தின் அளவே கூடும். எடுத்துக்காட்டாக, 10 தொன் சுமையுள்ள ஒரு சக்கரம் 30 சென்டிமீட்டர் சதுரப் பரப்பில் அழுந்துவதாகக் கொள்வோம். தளமட்டத்தில் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 111 தொன் ஆகும். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் சுமை 60 சென்டிமீட்டர் சதுரத்தில் பரவுவதால் அழுத்தம் ஏறத்தாழ 28 தொன்னாகக் குறைகிறது. 1 மீட்டர் ஆழத்தில் அது 6 தொன்னுக்கும் குறைவாகும். ஆழமற்ற குழாய் நசுங்குவதற்கும் ஆழமானது தப்புவதற்கும் இதுவே காரணம்.

தேர் இத்தகைய சுமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பெருந்தேர்களின் முழு எடையும் சில சக்கரங்களின் குறுகிய விளிம்புகளில் இறங்குகிறது. தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடும்போது சுமை ஒரு சிறு பரப்பில் குவிகிறது. எனவே தேர்நிலை, வீதித் திருப்பங்கள் ஆகிய இடங்களில் குழாய்களுக்கு மேலே கற்காரைப் பலகை இடுவதும், ஆள்நுழை குழிகளைத் தேர்ச்சக்கரம் செல்லும் தடத்திலிருந்து விலக்கி வைப்பதும் நன்று.

== இடைவெளி ==

குழாய்களுக்கு இடையே இடைவெளி விடுவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

=== வெப்பம் ===

மின்னோட்டம் செல்லும் ஒவ்வொரு வடமும் வெப்பத்தை வெளியிடுகிறது. அருகருகே உள்ள வடங்கள் ஒன்றையொன்று சூடாக்குவதால், ஒவ்வொன்றும் பாதுகாப்பாகக் கொண்டு செல்லக்கூடிய மின்னோட்டம் குறைகிறது. பன்னாட்டு மின்தொழினுட்ப ஆணையத்தின் தரத்தில் தரப்பட்டுள்ள குறைப்புக் காரணிகளின்படி, தனித்தனிக் குழாய்களில் உள்ள 3 பல்லுள்ளக வடங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் காரணி 0.75 ஆகும். இடையே 0.25 மீட்டர் விட்டால் அது 0.85 ஆக உயர்கிறது. 6 வடங்களாயின் இவை முறையே 0.60, 0.80 ஆகும். அதாவது இடைவெளியின்றி 6 குழாய்களை அடுக்கினால், ஒவ்வொரு வடமும் தன் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கை இழக்கிறது.

=== நிரப்புபொருள் உட்புகுதல் ===

குழாய்கள் ஒட்டியிருந்தால் அவற்றுக்கு இடையே மணலோ கற்காரையோ இறங்காது. அங்கே உண்டாகும் வெற்றிடம் வெப்பத்தைத் தடுக்கிறது. பின்னாளில் மேல்மண் அதனுள் இறங்கித் தளம் அமிழவும் காரணமாகிறது. பல குழாய்களை அடுக்கிக் கற்காரை இடும்போது 50 முதல் 75 மில்லிமீட்டர் இடைவெளி பரவலாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இதனைக் காப்பதற்கு நெகிழியால் ஆன இடைத்தாங்கிகள் பொருத்தப்படும்.

ஈரக் கற்காரையில் நெகிழிக் குழாய் மிதக்கும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. 160 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.02 கன மீட்டர் கற்காரையை இடம்பெயர்க்கிறது. கற்காரையின் அடர்த்தி கன மீட்டருக்கு 2,400 கிலோகிராம் ஆதலால், மேல்நோக்கிய உந்துதல் மீட்டருக்கு 48 கிலோகிராம் எடைக்கு நிகராகும். குழாய்களை அடியில் இழுத்துக் கட்டாமல் கற்காரை ஊற்றினால் அவை மேலெழுந்து, இடைவெளியும் ஆழமும் ஒருங்கே கெடும்.

=== பிற சேவைகள் ===

தெருவின் கீழே குடிநீர், கழிவுநீர், தொலைத்தொடர்பு, எரிவாயு ஆகியனவும் செல்கின்றன. ஐஎஸ் 1255 தரத்தின்படி மின்வடத்துக்கும் தொலைத்தொடர்பு வடத்துக்கும் இடையே 0.3 மீட்டரும், குடிநீர் அல்லது எரிவாயுக் குழாய்க்கும் இடையே 0.3 மீட்டரும், கட்டுப்பாட்டு வடத்துக்கு 0.2 மீட்டரும் விடப்பட வேண்டும். நகரச் சாலைகளில் இச்சேவைகளுக்கு இடம் ஒதுக்குவது குறித்து இந்தியச் சாலைப் பேராயம் ஐஆர்சி 98 என்னும் வழிகாட்டியை வெளியிட்டுள்ளது.

== மீள்நிரப்பல் ==

பள்ளத்தை மீண்டும் நிரப்புதல் மீள்நிரப்பல் எனப்படும். தோண்டிய மண்ணை அப்படியே தள்ளி மூடுவதை மீள்நிரப்பல் எனக் கருதலாகாது. முறையான வரிசை பின்வருமாறு:

# பள்ளத்தின் அடியில் உள்ள கற்களை நீக்கிச் சமப்படுத்தல்.
# ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் தடிப்பில் மணல் மெத்தை இடுதல்.
# குழாய்களை உரிய இடைவெளியில் வைத்து, முனைகளை மூடுதல்.
# குழாய்களின் இருபுறமும் மேலும் மணலை நிரப்பி, கையால் இறுக்குதல்.
# காப்புச் செங்கல் அல்லது கற்காரைப் பலகை அடுக்குதல்.
# சலித்த மண்ணை அடுக்கடுக்காக இட்டு, நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்குதல்.
# இடையில் எச்சரிக்கை நாடாவை விரித்தல்.
# தளத்தின் அடித்தளக் கப்பியும் மேற்றளமும் இடுதல்.

ஓர் அடுக்கு 30 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. தடிப்பான அடுக்கின் மேற்பகுதி மட்டுமே இறுகும். அடிப்பகுதி தளர்ந்தே இருக்கும். இறுக்குவதற்குத் திமிசுக்கட்டை அல்லது அதிர்வுத் தகட்டுப் பொறி பயன்படுகிறது. குழாய்க்கு நேர் மேலே முதல் அடுக்கில் பொறியைப் பயன்படுத்தினால் குழாய் நசுங்கக்கூடும். ஆகையால் அங்கே கைத்திமிசே ஏற்றது.

மண் எந்த அளவு இறுகியுள்ளது என்பதை அறிய, 1933இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் புரொக்டர் வெளியிட்ட சோதனை உதவுகிறது. ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்தில்தான் மிகுதியான அடர்த்தி கிடைக்கும் என்பது இதன் அடிப்படையாகும். மிகவும் உலர்ந்த மண்ணும் மிகவும் நனைந்த மண்ணும் நன்றாக இறுகுவதில்லை. இந்தியாவில் இச்சோதனை ஐஎஸ் 2720 தரத்தின் 7, 8 ஆகிய பகுதிகளின்படி செய்யப்படுகிறது. சாலைத் தளத்துக்குக் கீழே பொதுவாக 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட இறுக்கம் கோரப்படுகிறது. 1 மீட்டர் ஆழமுள்ள நிரப்பு 5 விழுக்காடு அமிழ்ந்தாலும் தளத்தில் 5 சென்டிமீட்டர் பள்ளம் தோன்றும். அதில் மழைநீர் தேங்கி, மண்ணை மேலும் இளக்கும்.

உடைத்த தார்க்கட்டி, கற்காரைத் துண்டு, கூர்மையான கல், குப்பை, சாம்பல் ஆகியவற்றை நிரப்புபொருளாகப் பயன்படுத்துதல் கூடாது. கூரிய கல் குழாயைத் துளைக்கும். சாம்பல் உலோகத்தை அரிக்கும்.

மண்ணை இறுக்க இடமில்லாத குறுகிய பள்ளங்களில், சிறிதளவு சிமெந்து கலந்த பாயும் நிரப்புக் கலவை பயன்படுத்தப்படுகிறது. இது தானாகவே இடுக்குகளில் பாய்ந்து இறுகும். இதன் வலிமை 2.1 மெகாபாசுக்கலுக்கு மிகாமல் இருந்தால், பின்னாளில் மீண்டும் தோண்டுவது எளிதாகும்.

== நிரப்புபொருளும் வெப்பமும் ==

நிரப்புபொருள் வடத்தின் வெப்பத்தை வெளியேற்றும் வழியாகவும் விளங்குகிறது. ஈரமான மண்ணின் வெப்பத்தடைத்திறன் மீட்டர் கெல்வின்/வாட் அளவில் ஏறத்தாழ 1 ஆகும்; உலர்ந்த மணலில் அது 2.5 அல்லது அதற்கும் மேலாகலாம். இந்தியத் தரமான ஐஎஸ் 3961, மின்னோட்டக் கொள்ளளவைக் கணிக்கையில் இதனை 1.5 எனவும் மண்ணின் வெப்பநிலையை 30 பாகை செல்சியசு எனவும் கொள்கிறது. எக்சுஎல்பிஈ காப்புடைய வடத்தின் கடத்தி 90 பாகை வரையும், பிவிசி காப்புடையது 70 பாகை வரையும் இயங்கலாம்.

சூடேறிய வடம் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை விரட்டுகிறது, மண் உலர்கிறது, வெப்பத்தடை கூடுகிறது, வடம் மேலும் சூடேறுகிறது. நீர்புகாத தளம் மேலே இருந்தால் மழைநீரும் இறங்கி அதனை ஈரமாக்குவதில்லை. ஒரே அளவான துகள்களைக் கொண்ட மணல் விரைவில் உலரும். பெரியதும் சிறியதுமான துகள்கள் கலந்த கல்தூள் இறுகி நின்று ஈரத்தையும் தக்கவைக்கும். தமிழ்நாட்டில் ஆற்று மணலுக்கு மாற்றாக வழங்கும் எம்-சாண்ட் இவ்வகையில் ஏற்றதாகும்.

இதனைப் புறக்கணித்தால் விளையும் கேட்டுக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் எடுத்துக்காட்டாகும். 1998ஆம் ஆண்டின் வெப்பமும் வறட்சியும் மிக்க கோடையில், நகர மையத்துக்கு மின்சாரம் வழங்கிய நான்கு 110 கிலோவோல்ட் நிலத்தடி வடங்கள் சனவரி, பெப்ரவரி மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதடைந்தன. வணிக மையம் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் முறையான மின்சாரமின்றி இருந்தது. வடங்களைச் சூழ்ந்த மண்ணின் வெப்ப இயல்பும் ஆய்வுகளில் கவனம் பெற்றது.

== காஞ்சிபுரமும் திருப்பருத்திக்குன்றமும் ==

காஞ்சிபுரம் பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம், சமணக் காஞ்சி என வழங்கும் பகுதிகளைக் கொண்டது. சமணக் காஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றம் வேகவதி ஆற்றை ஒட்டி அமைந்துள்ளது. இங்கே திரைலோக்கியநாதர் கோயிலும் சந்திரப்பிரபர் கோயிலும் உள்ளன. முதற்கோயிலின் சங்கீத மண்டபம் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகர அமைச்சர் இருகப்பரால் கட்டப்பட்டது. அதன் கூரையில் தீர்த்தங்கரர் வரலாறுகளைக் கூறும் ஓவியங்கள் உள்ளன.

இத்தகைய ஊரில் நிலத்தடிப் பணிக்குச் சில தனித்தன்மைகள் உள்ளன. ஆற்றங்கரை வண்டல் நிலத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்வதால், குழாய் இணைப்புகள் நீர்புகாதவையாக இருத்தல் வேண்டும்; பள்ளத்துக்குப் பக்கத் தாங்கிகளும் தேவைப்படலாம். சுவர் ஓரமாக ஆழப் பள்ளம் தோண்டுவது பழைய கட்டடங்களின் அடித்தளத்தைத் தளர்த்தும். ஆதலால் இத்தகைய இடங்களில் பள்ளத்தைச் சுவரிலிருந்து விலக்கி, சிறு சிறு நீளங்களாகத் தோண்டி அன்றன்றே மூடுவது பாதுகாப்பானது.

காஞ்சிபுரத்தில் மைய அரசின் பாதுகாப்பில் உள்ள கயிலாசநாதர் கோயில் போன்ற சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டம், பொதுமக்களுக்கான மின்வழங்கல் பணிகளைக் 'கட்டுமானம்' என்னும் வரையறையிலிருந்து விலக்கியுள்ளது. எனினும் காஞ்சிபுரம் ஈராயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத குடியிருப்புத் தொடர்ச்சி உடைய ஊராதலால், 1 மீட்டர் பள்ளத்திலும் பழம்பொருட்கள் வெளிப்பட வாய்ப்புண்டு.

பட்டு நெசவாளர் தெருக்களில் வீதியே ஒரு தொழிற்களமாகவும் விளங்குகிறது. விடியற்காலையில் பாவினைத் தெருவின் நீளத்துக்கு விரித்துச் சரிசெய்வது இங்குள்ள வழக்கம். திறந்து கிடக்கும் பள்ளமோ அமிழ்ந்த தளமோ இவ்வேலையைத் தடுக்கும். குழித்தறி உள்ள வீடுகளில் தறிக்குழி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால், வீட்டு இணைப்புக் குழாயின் முனையை அடைக்காமல் விட்டால் மழைநீர் குழாய் வழியே வீட்டுக்குள் வந்து சேரும். முனைகளை அடைப்பதும், குழாயை வீட்டிலிருந்து தெருவை நோக்கிச் சரிவாக இடுவதும் இதனைத் தவிர்க்கும்.

பேவர் பிளாக் எனப்படும் கற்காரைக் கட்டிகள் பாவிய தெருக்களில், கட்டிகளைப் பெயர்த்து எடுத்து மீண்டும் அடுக்கலாம் என்பது ஒரு வசதியாகும். ஆயினும் கீழே உள்ள மண் இறுகியிருந்தால்தான் மேலே அடுக்கிய கட்டிகள் மட்டமாக நிற்கும்.

== பதிவும் பாதுகாப்பும் ==

புதைக்கப்பட்ட வடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்னாளில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டும் தொழிலாளியின் கடப்பாரைக்கு முன்னே அவரை எச்சரிப்பவை காப்புச் செங்கலும் எச்சரிக்கை நாடாவும் மட்டுமே. எனவே நாடா, குழாய்க்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மேலே இருத்தல் வேண்டும். குழாயை ஒட்டி இட்டால் அதனைக் காணும்போதே வடமும் வெட்டுப்பட்டிருக்கும்.

பள்ளத்தை மூடுவதற்கு முன்னரே, நிலையான கட்டடங்களிலிருந்து உள்ள தொலைவு, ஆழம், குழாய்களின் எண்ணிக்கை, வளைவுகள், இணைப்புகள் ஆகியவற்றை அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். வடத்தின் மின்காப்புத் தடை மெக்கர் கருவியால் மூடுவதற்கு முன்னும் பின்னும் சோதிக்கப்படும். இரு அளவுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்பட்டால் நிரப்பும்போது வடம் காயப்பட்டுள்ளது என அறியலாம். எதிர்காலத் தேவைக்காக ஒன்றிரண்டு வெற்றுக் குழாய்களை உடன் பதித்து, அவற்றுள் இழுகயிறு இட்டு வைப்பதும் வழக்கம். இதனால் அதே தெருவை மீண்டும் தோண்டும் தேவை குறைகிறது.